யுத்த காலத்தில் விரலை அடக்குவோம்!

ஏற்காட்டுக்கு பஸ்சில் போயிருக்கிறீர்களா?

சேலத்தில் இருந்து சுமார் 30 கிலோ மீட்டர் தூரம். அடிவாரம் தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது. மேலே போய்ச் சேருவதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகள்!

ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் என்ன செய்கிறார்? வேகத்தைக் குறைக்கிறார். ஹாரன் அடிக்கிறார். எதிரே வண்டி வருகிறதா என்று பார்க்கிறார். பிறகுதான் திருப்புகிறார்.

சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று அவருக்கும் ஆசை இருக்கும். ஆனால், அவருக்குப் பின்னால் ஐம்பது உயிர்கள் உட்கார்ந்து இருக்கின்றன. அது அவருக்குத் தெரியும்.

அதே மலைக்கு, அதே சேலத்தில் இருந்து, செல்போனில் ஒரு செய்தி போக எவ்வளவு நேரம் ஆகிறது? ஒரு விநாடி! வழியில் ஒரு வளைவு கூடக் கிடையாது. வேகத்தைக் குறைக்க ஒரு டிரைவரும் கிடையாது.

அந்தச் செய்தி உண்மையானால் நல்லது. பொய்யானால்?

சாதாரண நாளில் ஒரு பொய், ஒரு வீட்டைக் கெடுக்கும். யுத்த காலத்தில் ஒரு பொய், ஊரையே கெடுக்கும்.

ஒரு தாயின் வீடு

சேர்வராயன் மலையில் நாகலூர், மஞ்சக்குட்டை, கொட்டச்சேடு என்று பல கிராமங்கள் இருக்கின்றன. காப்பித் தோட்டத்திலும் மிளகுத் தோட்டத்திலும் உழைத்துப் பிழைக்கும் மக்கள் வாழும் ஊர்கள்.

அப்படி ஒரு கிராமத்தில் ஒரு தாய் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். அவளுடைய ஒரே மகன் பட்டாளத்தில் இருக்கிறான். எல்லையில் காவல் காக்கிறான்.

சண்டை மூண்டு விட்டது. மகனிடம் இருந்து இரண்டு நாளாகப் பேச்சு இல்லை. தாய்க்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது பக்கத்து வீட்டுப் பையன் ஓடி வருகிறான். "அக்கா! நம்ம பட்டாளத்து முகாமை எதிரி அழித்து விட்டானாம். வீடியோ வந்திருக்கிறது, பாருங்கள்" என்று செல்போனை நீட்டுகிறான்.

அந்தத் தாயின் நெஞ்சு என்ன பாடுபடும்?

இது வெறும் கற்பனை என்று தள்ளி விடாதீர்கள். அந்தத் தாய் கற்பனை. அந்த வீடியோ கற்பனை அல்ல.

2025 மே மாதம் நடந்தது

2025-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி, காஷ்மீரில் உள்ள பகல்காமில், பயங்கரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மே 7-ந் தேதி அதிகாலை, "சிந்தூர்" என்று பெயரிட்டு இந்தியப் படைகள் பதிலடி கொடுத்தன. மே 10-ந் தேதி சண்டை நின்றது.

சண்டை நடந்தது நான்கே நாள். அந்த நான்கு நாளில் செல்போனில் பறந்த பொய்களுக்குக் கணக்கு இல்லை.

"20 ராஜ் பட்டாலியன்" என்ற இந்தியப் படைப்பிரிவு பூண்டோடு அழிந்து விட்டது என்று ஒரு வீடியோ வந்தது. மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் அதை ஆராய்ந்தது. முடிவு என்ன தெரியுமா? அப்படி ஒரு பிரிவே இந்திய ராணுவத்தில் இல்லை!

இல்லாத பட்டாளம் அழிந்தது என்று இருக்கிற தாய்மார்கள் அழ வேண்டுமா?

எரிந்தது எது?

இன்னும் கேளுங்கள்.

குஜராத்தில் ஹசீரா துறைமுகம் தாக்கப்பட்டது என்று ஒரு வீடியோ பரவியது. அது 2021-ம் ஆண்டு ஜூலையில் ஓர் எண்ணெய் டேங்கர் வெடித்த காட்சி.

பஞ்சாப்பில் ஜலந்தர் நகரை எதிரியின் டிரோன் தாக்கியது என்றார்கள். எரிந்தது வயல். அதற்கும் சண்டைக்கும் சம்பந்தம் இல்லை.

இந்தியா மீது ஏவுகணை விழுந்தது என்று ஒரு காட்சி. அது 2020-ம் ஆண்டு ஆகஸ்டில், லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகத்தில் நடந்த வெடி விபத்து.

ஏ.டி.எம். எந்திரங்கள் எல்லாம் இரண்டு மூன்று நாளைக்கு மூடப்படும் என்று ஒரு செய்தி. அதுவும் பொய். இதை நம்பிப் பணம் எடுக்க ஓடியவன், வீட்டில் இருந்தவனையும் கிளப்பி விட்டிருப்பான்.

கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் சண்டைக் காட்சியைக் கூட, உண்மையான யுத்தம் என்று அனுப்பினார்கள்.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். செல்போன் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே, செல்போனுக்காகவே சொன்னது போல இருக்கிறது!

இனிக்கின்ற பொய்

பொய் இரண்டு வகை. ஒன்று, நம்மைப் பயமுறுத்தும் பொய். மற்றொன்று, நமக்கு இனிக்கின்ற பொய்.

பயமுறுத்தும் பொய்யை எதிரி கிளப்பினான் என்று சொல்லி விடலாம். இனிக்கின்ற பொய்யைக் கிளப்பியவர்கள் யார்? பரப்பியவர்கள் யார்?

கராச்சி துறைமுகம் தீப்பற்றி எரிகிறது என்று ஒரு காட்சி வந்தது. பார்த்தவர்கள் கை தட்டினார்கள். பத்துப் பேருக்கு அனுப்பினார்கள். அது, 2025 ஜனவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் விமானம் விழுந்து எரிந்த காட்சி!

"எங்கள் விமானங்கள் இரண்டை இழந்து விட்டோம்" என்று பாகிஸ்தான் ராணுவத்தின் செய்தித் தொடர்பாளரே ஒப்புக் கொள்வது போல ஒரு வீடியோ வந்தது. முகம் அவருடையது. பேச்சு அவருடையது அல்ல. செயற்கை நுண்ணறிவு என்கிறார்களே, அந்தக் கருவியால் செய்த போலி அது. இப்போது எந்திரம் ஒருவரின் முகத்தையும் குரலையும் திருடிப் பேச வைத்து விடுகிறது.

"நம் நாட்டுக்குச் சாதகமான பொய்தானே? பரப்பினால் என்ன?" என்று சிலர் கேட்கலாம்.

பொய் என்று தெரிந்த நாளில் என்ன ஆகும்? அடுத்து வரும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். நம் வீரர்கள் உயிரைக் கொடுத்துப் பெற்ற வெற்றியைக் கூட, உலகம் சந்தேகத்தோடு பார்க்கும். வீரனுக்கு நாம் செய்யும் மரியாதையா இது?

இறந்தவருக்கும் பழி

இதைவிடக் கொடுமையும் நடந்தது.

ஜம்மு-காஷ்மீரில் பூஞ்ச் என்று எல்லை ஓரத்து ஊர். மே 7-ந் தேதி பாகிஸ்தான் பீரங்கிக் குண்டுகள் அங்கே வந்து விழுந்தன. குழந்தைகள் உள்பட பலர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் மதரசா ஆசிரியர். ஊரில் மதிப்போடு வாழ்ந்தவர்.

அவரைப் "பயங்கரவாதி" என்று சில தொலைக்காட்சிகள் சொல்லி விட்டன! அவருடைய படம் செல்போன்களில் சுற்றியது. "அது பொய். அவருக்கும் பயங்கரவாதத்துக்கும் சம்பந்தம் இல்லை" என்று பூஞ்ச் போலீசார் அறிவிக்க வேண்டியது ஆயிற்று.

எதிரியின் குண்டு அவர் உயிரைப் பறித்தது. நம்மவர்களின் வாய் அவர் மானத்தைப் பறித்தது. இறந்தவர் எழுந்து வந்து பதில் சொல்வாரா? அந்தப் பழியை அவருடைய மனைவி மக்கள் அல்லவா சுமக்க வேண்டும்?

பகல்காமில் கணவனைப் பறிகொடுத்த ஓர் இளம்பெண், "முஸ்லிம்கள் மீதும் காஷ்மீர் மக்கள் மீதும் பகை காட்டாதீர்கள். எங்களுக்கு நீதி வேண்டும்" என்று கேட்டுக் கொண்டாள். அந்தப் பெண்ணையும் சமூக ஊடகத்தில் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். தேசிய மகளிர் ஆணையமே கண்டிக்கும் அளவுக்குப் போயிற்று.

சண்டை நின்றது என்ற அறிவிப்பைப் படித்தவர் வெளியுறவுச் செயலாளர் விக்ரம் மிஸ்ரி. அரசு சொன்னதைத்தான் அவர் சொன்னார். அதற்காக அவரையும் அவர் குடும்பத்தாரையும் இழிவாகப் பேசினார்கள்.

தாலி இழந்தவளை ஏசுவது தேசபக்தியா? நாட்டுக்காக இரவு பகல் உழைத்தவரின் மகளைத் திட்டுவது தேசபக்தியா? நீங்களே சொல்லுங்கள்.

வெளியூர்க்காரர் எதிரியா?

"இதெல்லாம் வடக்கே நடந்தது. நமக்கு என்ன?" என்று இருந்து விட முடியாது.

2018-ம் ஆண்டு மே மாதம். திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம் அத்திமூர் என்ற கிராமம். "குழந்தைகளைக் கடத்தும் கும்பல் வந்திருக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவி இருந்த நேரம். சென்னையில் இருந்து ஒரு மூதாட்டி, உறவினர்களோடு காரில் கோவிலுக்கு வந்தார். வழியில் குழந்தைகளைப் பார்த்து, ஆசையோடு மிட்டாய் கொடுத்தார்.

அவ்வளவுதான்! "கடத்தல் கும்பல்" என்று கூட்டம் கூடி விட்டது. அடித்தார்கள். அந்த மூதாட்டி இறந்து போனார். கூட வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள்.

சாமி கும்பிட வந்தவரைக் கொன்றது யார்? அடித்த கைகள் மட்டுமா? அந்த வதந்தியை அனுப்பிய விரல்களுக்குப் பங்கு இல்லையா?

அப்போது நாட்டில் யுத்தம் கூட இல்லை. யுத்த காலத்தில் மனிதனின் பயம் பத்து மடங்கு. "ஒற்றன் வந்திருக்கிறான்" என்று யாராவது கிளப்பி விட்டால் என்ன ஆகும்?

ஏற்காட்டை நினைத்துப் பாருங்கள். அது வெளியூர்க்காரர்கள் வந்து போகும் ஊர். ஏரியில் படகு விடுபவர், பஜ்ஜி போடுபவர், பழம் விற்பவர், அறை வாடகைக்கு விடுபவர் எல்லோரும் வெளியூர்க்காரர்களை நம்பித்தான் அடுப்பு எரிக்கிறார்கள். மே மாதம் என்றால் கோடை விழா. மலை நிறைய ஆட்கள்.

அந்த நேரத்தில், "படம் பிடித்துக் கொண்டு திரிகிறான், பார்த்தால் நம்ம ஊர் ஆள் மாதிரி இல்லை" என்று ஒருவர் புகைப்படத்தோடு அனுப்பினால் போதும். சுற்றுலா வந்தவன் உயிருக்கு ஆபத்து. அடுத்த நாள் மலை வெறிச்சோடும். வேலைக்கு வந்த வடநாட்டுத் தொழிலாளி மூட்டை கட்டுவான்.

2023 மார்ச்சில் இதைப் பார்த்தோம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. பயந்து போய்ப் பலர் ரெயில் ஏறினார்கள். பொய்யைப் பரப்பியவர்கள் மீது தமிழக போலீசார் வழக்குப் போட்டார்கள்.

சந்தேகம் வந்தால் போலீசுக்குச் சொல்லுங்கள். ஊருக்குச் சொல்லாதீர்கள்.

அன்று விளக்கு; இன்று செல்போன்

இதுவரை பொய்யைப் பற்றிச் சொன்னோம். யுத்த காலத்தில் உண்மையையும் அடக்கிச் சொல்ல வேண்டிய இடம் உண்டு.

1914-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இரவு. முதல் உலக யுத்த நேரம். எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைக்கு வந்தது. விளக்கை அணைக்க வேண்டும் என்று உத்தரவு இருந்தும், துறைமுகத்தில் விளக்குகள் பளிச்சென்று எரிந்து கொண்டிருந்தன. எதிரிக்கு அதைவிட என்ன வேண்டும்? குண்டு போட்டான். எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு சென்னையை விட்டு ஓடினார்கள். "அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் சொல்கிறோமே, அந்தச் சொல் அப்படி வந்ததுதான்.

அன்று எதிரிக்கு வழி காட்டியது விளக்கு. இன்று வழி காட்டுவது செல்போன்.

2008 நவம்பரில் பயங்கரவாதிகள் மும்பைக்குள் புகுந்தார்கள். நம் கமாண்டோக்கள் போராடுவதைத் தொலைக்காட்சிகள் அப்படியே காட்டின. பாகிஸ்தானில் இருந்த கூட்டாளிகள் அதைப் பார்த்து, ஓட்டலுக்குள் இருந்தவர்களுக்கு போனில் யோசனை சொன்னார்கள். 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

2025 ஏப்ரல் 26-ந் தேதி மத்திய அரசு ஓர் அறிவுரை வெளியிட்டது. படைகள் போவதையும் தாக்குதல் நடப்பதையும் நேரடியாகக் காட்டக் கூடாது என்பது அது. அந்த அறிவுரை தொலைக்காட்சிகளுக்கு மட்டும் அல்ல. சமூக ஊடகத்தில் எழுதும் எல்லோருக்கும் சொல்லப்பட்டது.

தாய்மார்களே! பட்டாளத்தில் இருக்கும் மகன் எந்த ஊருக்கு மாறினான், எந்த ரெயிலில் போகிறான், எப்போது புறப்பட்டான் என்பதைப் பெருமைக்காகக் கூட செல்போனில் போடாதீர்கள். பீரங்கி ஏற்றிய ரெயில் உங்கள் ஊர் வழியாகப் போனால், கை அசைத்து வாழ்த்துங்கள். வீடியோ எடுக்காதீர்கள்.

உங்கள் ஒரு படம், எதிரிக்கு ஒரு விளக்கு.

அரசுக்கும் ஒரு கடமை

எல்லாப் பழியையும் ஜனங்கள் மீது போட்டு விட முடியாது. அரசு பேசாமல் இருந்தால், வதந்தி பேசும்.

சிந்தூர் நடவடிக்கையின்போது விக்ரம் மிஸ்ரியும், ராணுவத்தின் கர்னல் சோபியா குரேஷியும், விமானப்படையின் விங் கமாண்டர் வியோமிகா சிங்கும் நிருபர்கள் முன் வந்து, நடந்ததைச் சொன்னார்கள். அது நல்ல வழக்கம். நடந்ததை உடனே சொல்ல வேண்டும். ஜனங்களுக்குப் புரியும் மொழியில், தமிழிலும் சொல்ல வேண்டும்.

அரசின் எச்சரிக்கையே தப்பாகப் போனதும் உண்டு. 1942 ஏப்ரலில், ஜப்பான் படை வருகிறது என்ற தகவலால், சென்னையைக் காலி செய்யும்படி அரசே சொன்னது. நகரம் வெறிச்சோடியது. ஜப்பான் படையெடுப்பு நடக்கவில்லை!

ஆகையால், கேள்வி கேட்பது குற்றம் அல்ல. அது குடிமகனின் உரிமை. கேள்வி கேட்பது வேறு. கதை கட்டுவது வேறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாமாக அடங்கவில்லை என்றால், அரசு பூட்டுப் போடும். 2019 ஏப்ரலில், ஈஸ்டர் நாளில், இலங்கையில் குண்டுகள் வெடித்தன. வதந்தி பரவும் என்று, பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் இலங்கை அரசு சில நாட்கள் முடக்கியது. பொய் சொல்பவனுக்கு மட்டும் பூட்டுப் போட முடியாது. "நலமா?" என்று கேட்பவனுக்கும் சேர்த்துத்தான் பூட்டு.

செல்போன் நல்ல கருவி. 2024 டிசம்பரில், பெஞ்சல் புயல் மழையால் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து, போக்குவரத்து நின்றது. பாதை அடைபட்ட நாளில் மலைக்கும் சமவெளிக்கும் பாலமாக இருப்பது செல்போன்தான். அந்தப் பாலத்தை நாமே இடிக்கலாமா?

ஐந்து என்றால் எத்தனை?

"நான் ஐந்து பேருக்குத்தான் அனுப்பினேன்" என்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஐந்து பேருக்கு அனுப்பினால் 25. அடுத்தது 125. அடுத்தது 625. இப்படியே எட்டாவது கைக்குப் போகும்போது 3 லட்சத்து 90 ஆயிரத்து 625 பேர்!

2018-ல் நடந்த கொலைகளுக்குப் பிறகு, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது. பல கை மாறி வந்த செய்தியை, ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று 2020-ல் மாற்றியது. அப்படிப்பட்ட செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருக்கும். அது, "நான் எங்கிருந்தோ வந்தவன், என்னை நம்பாதே" என்று அந்தச் செய்தியே சொல்லும் அடையாளம்.

என்ன செய்ய வேண்டும்?

மலைப்பாதை டிரைவர் செய்வதைச் செய்யுங்கள்.

முதலில், வேகத்தைக் குறையுங்கள். பயமோ கோபமோ பொங்கும்படி ஒரு செய்தி வந்தால், உடனே அனுப்பாதீர்கள். செல்போனைக் கீழே வையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள்.

அடுத்தது, ஹாரன் அடியுங்கள். "இது உனக்கு யார் அனுப்பியது? அவருக்கு யார் சொன்னது?" என்று கேளுங்கள். பெயர் இல்லாத செய்திக்குத் தகப்பன் இல்லை.

பிறகு, எதிரே பாருங்கள். ஒன்றுக்கு இரண்டு நாளிதழ்களில் அந்தச் செய்தி இருக்கிறதா? வானொலி சொன்னதா? ராணுவம் சொன்னதா? பத்திரிகை தகவல் அலுவலகத்துக்கு 8799711259 என்ற வாட்ஸ்அப் எண் இருக்கிறது. மத்திய அரசு சம்பந்தமான செய்தியில் சந்தேகம் வந்தால் அங்கே கேட்கலாம்.

எல்லாம் சரி என்றால்தான் திருப்ப வேண்டும். சந்தேகம் என்றால் அங்கேயே நிற்க வேண்டும்.

தவறாக ஏதாவது அனுப்பி விட்டீர்களா? வெட்கப்படாதீர்கள். "நான் அனுப்பியது பொய். மன்னிக்கவும்" என்று அதே இடத்தில் எழுதுங்கள்.

சட்டமும் சும்மா இருக்காது. ஜனங்களைப் பீதியில் தள்ளும் எண்ணத்தோடு பொய்ச் செய்தி பரப்பினால், பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 353-வது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். ஆனால், சிறைக்குப் பயந்து அடங்குவதைவிட, அந்தத் தாயை நினைத்து அடங்குவது மேல்.

பிள்ளைகளே! உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டிக்குச் செல்போனில் வருவதைப் படித்துக் காட்டுவது நீங்கள்தான். படித்துக் காட்டும்போதே, இது மெய்யா பொய்யா என்று பார்த்துச் சொல்வதும் உங்கள் வேலை.

நெல்லைக் கொட்டினால் அள்ளி விடலாம். சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது.

எல்லையில் வீரன் துப்பாக்கியைப் பிடித்து நிற்கிறான். அவன் கூட, உத்தரவு வரும் வரை விரலை அடக்கி வைத்திருக்கிறான்.

ஊரில் இருக்கும் நாம், உண்மை தெரியும் வரை விரலை அடக்கக் கூடாதா?